நாயோடு மலைக்கு: ஏற்காடா, கொல்லிமலையா?

நாயையும் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போவதென்றால் என் ஓட்டு ஏற்காட்டுக்குத்தான். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்; காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. வளைவுகளில் நாய்க்கும் வாந்தி வரும், பாவம். கிளம்புமுன் வயிறு நிறையச் சோறு வைக்காதீர்கள். வழியில் இறக்கி நடக்க விடுங்கள்.

கொல்லிமலையில் கூட்டம் குறைவு, அமைதி அதிகம். சரி, ஆனால் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்தான படிகள். வயதான நாய்க்கு அது கொடுமை. யாராவது ஒருவர் மேலேயே அதனுடன் நிற்க வேண்டியதுதான். ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களை ஒட்டிய சாலைகளில் எல்லோரும் சேர்ந்தே நடக்கலாம்.

கூடாரம் எங்கே போட்டாலும் ராத்திரி நாயை வெளியே கட்டாதீர்கள். சிறுத்தைக்கு அது எளிதான இரை. அப்புறம், வீடு திரும்பியதும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.