பழைய ஐபாட் டச்: ஜெயில்பிரேக் செய்வதா, உள்ளபடியே வைத்துக்கொள்வதா?

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குப் போய்வரும் எனக்கு, வழித்துணை பெரும்பாலும் வில்லுப்பாட்டுதான். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைவிழாக்களில் அப்பா கேசட்டில் பதிந்துவைத்த கதைகளை, நாடாவில் பூஞ்சை ஏறுவதற்குள், ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வடிவக் கோப்புகளாக மாற்றி வைத்திருக்கிறேன். 90 நிமிடக் கேசட் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை ஜிபி இடம் வேண்டும். இவற்றைக் கேட்க, மைத்துனர் ஷார்ஜாவிலிருந்து வெவ்வேறு காலத்தில் கொண்டுவந்த ஐபாட் டச் இரண்டு வீட்டில் உள்ளன. ஒன்று 2010-ல் வெளிவந்த நான்காம் தலைமுறை. மற்றது 2019-ல் வெளிவந்த ஏழாம் தலைமுறை. ஆப்பிள் நிறுவனம் 2022 மே மாதம் ஐபாட் டச் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்த பிறகு, இவற்றை ஜெயில்பிரேக் செய்து இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டு கருவிகளையும் வைத்துப் பழகியவன் என்ற முறையில், இரண்டுக்கும் ஒரே விடை சொல்ல முடியாது என்றே நான் கருதுகிறேன்.

ஐபாட் டச்சில் ஓடும் ஐஓஎஸ் இயங்குதளம், ஆப்பிளின் மின்னொப்பம் இல்லாத எந்த நிரலையும் ஓட விடுவதில்லை. ஒவ்வொரு செயலியையும் அதனதன் அறைக்குள்ளேயே அடைத்தும் வைக்கிறது. ஜெயில்பிரேக் என்பது, மென்பொருளிலோ சிப்பிலோ உள்ள பிழையொன்றைப் பிடித்துக்கொண்டு, இந்த ஒப்பச் சோதனையை முடக்கி, கருவியின் கோப்புகள் அனைத்தின்மீதும் நமக்கு அதிகாரம் தருவது. நமக்குக் கிடைக்கும் அதே அதிகாரம் நாம் உள்ளே விடுகிற நிரலுக்கும் கிடைத்துவிடக்கூடும் என்பதால், நன்மையையும் ஆபத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது இயலாது.

முதலில் நன்மையைப் பார்ப்போம். நான்காம் தலைமுறைக் கருவி ஐஓஎஸ் 6.1.6-க்கு மேல் போகாது. அதிலுள்ள பாதுகாப்புச் சான்றிதழ்கள் பழையன ஆதலால் பல இணையதளங்கள் திறப்பதில்லை. ஆப் ஸ்டோரில் அதற்குப் பொருந்தும் செயலிகளும் அரிது. ஜெயில்பிரேக் செய்த பிறகு, ஆப்பிளின் கணினி மென்பொருளான ஐட்யூன்ஸின் துணையின்றியே கணினியிலிருந்து கோப்புகளை நேரடியாக அதற்குள் போட முடிந்தது. அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது ஆக்டிவேட்டர் என்னும் நீட்சியை, அதாவது ஜெயில்பிரேக் செய்த கருவியில் சேர்க்கும் கூடுதல் நிரலை. ஒலி கூட்டும் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் அடுத்த பாட்டுக்குத் தாவும்படி அதில் அமைத்துக்கொள்ளலாம். பாறசாலை தாண்டி நெரிசலில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நிற்கிறவருக்கு, கருவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே பாட்டை மாற்ற முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பதை விளக்கத் தேவையில்லை.

ஏழாம் தலைமுறைக் கருவியிலோ இந்த நன்மைகளில் பெரும்பகுதி ஜெயில்பிரேக் இல்லாமலே கிடைக்கிறது. விஎல்சி செயலியை நிறுவினால், அதே வைஃபையில் உள்ள கணினியின் உலாவி வழியாகக் கோப்புகளை அனுப்பலாம். ஃப்ளாக் கோப்புகளையும் அது அப்படியே பாடும். ஆப்பிளின் மியூசிக் செயலியிலேயே கேட்க விரும்புகிறவர்கள் ஃப்ளாக்கை ஏலாக் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டுமே இழப்பற்ற வடிவங்கள் ஆகையால் ஒலியில் ஒரு துளியும் குறையாது. நீண்ட கதையில் விட்ட இடத்தை நினைவில் வைக்கும் வசதியும் ஐட்யூன்ஸில் ஒவ்வொரு கோப்பின் விருப்பத்தேர்வுகளுக்குள் இருக்கிறது. இந்த மூன்று வழிகளையும் முயன்று பார்க்காமலே ஜெயில்பிரேக்கை நாடுகிறவர்கள் பலர் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஏழாம் தலைமுறையில் இன்னொரு தடையும் உண்டு. அதன் ஏ10 சிப்பில் உள்ள செக்எம்8 என்னும் பிழை 2019 செப்டம்பரில் வெளியானது. சிப்பிலேயே பதிந்த பிழை என்பதால் ஆப்பிளால் அதை மென்பொருள் மூலம் அடைக்க முடியாது. ஆனால் அதன் வழியே செய்யும் ஜெயில்பிரேக், கருவி அணைந்து எழும் ஒவ்வொரு முறையும் கலைந்துவிடும். மறுபடியும் கணினியில் செருகித்தான் அதை உயிர்ப்பிக்க வேண்டும். நடுவழியில் மின்கலம் தீர்ந்து கருவி அணைந்தால் பாட்டுகள் அழியாது, நீட்சிகள் மட்டும் வேலை செய்யாமல் போய்விடும். அந்தப் பிழையைப் பயன்படுத்தும் செக்ரெய்ன், பாலரெய்ன் ஆகிய மென்பொருள்கள் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடுபவை. கடைத்தெருவில் விண்டோஸ் கணினியை வைத்துக்கொண்டு, அதே பெயரில் ஏதோ ஒன்றை இறக்கிச் செய்து தருவதாகச் சொல்பவரிடம் கருவியைக் கொடுக்கும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆபத்துகளைப் பொறுத்தவரை, கருவி நிரந்தரமாகச் செத்துவிடும் என்ற அச்சம் மிகை. பெரும்பாலும் அது ஆப்பிள் சின்னத்தோடு நின்றுவிடும். கணினியில் இணைத்து மீட்டமைத்தால் எழுந்துவிடும். இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. என் சித்தி மகன் தன் கருவியைக் கடையொன்றில் கொடுத்து இதைச் செய்தபோது, அது சின்னத்திலேயே நின்று, கடைக்காரர் மீட்டமைத்துத் திருப்பித் தந்தார். கருவி நன்றாகவே இருந்தது. ஆனால் மறைந்த சித்தப்பா உடுக்கை அடித்துப் பாடிய பதிவு அதில் மட்டுமே இருந்தது. அது திரும்பக் கிடைக்கவில்லை. மீட்டமைத்தல் என்றால் அழித்தெழுதுதல் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

திருட்டு அபாயமும் வெறும் கதையன்று. ஜெயில்பிரேக் செய்து, வேறு கணினியிலிருந்து கருவிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலை நிறுவியவர்கள் ‘ஆல்பைன்’ என்ற பொதுக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதால், 2009 நவம்பரில் ஐக்கீ என்ற புழு ஐபோன்களில் பரவியது. 2015-ல் கீரெய்டர் என்ற தீநிரல், ஜெயில்பிரேக் செய்த கருவிகளிலிருந்து 2,25,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளைத் திருடியது தெரியவந்தது. ஐபாட் டச்சில் சிம் இல்லை. ஆகவே சிம்மை நம்பி இயங்கும் யுபிஐ பரிமாற்றத்தைப் பற்றிய கவலை இங்கே எழவில்லை. ஆனால் மின்னஞ்சலும் குடும்பப் படங்களும் ஆப்பிள் கணக்கும் அதில் இருந்தால், அந்த அளவுக்கு இழக்கவும் பொருள் இருக்கிறது.

உத்தரவாதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; இந்தக் கருவிகளுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. சட்டத்தைப் பொறுத்தவரை, 2012 திருத்தத்தின்வழி பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. சொந்தப் பதிவைக் கேட்பதும், காசு கொடுக்காத செயலியைத் திருட்டுத்தனமாக நிறுவுவதும் ஒன்றல்ல.

ஐபாட் டச்சின் பூட்டை உடைக்காமல் சுதந்திரம் வேண்டுவோருக்கு மூன்றாம் வழியும் உண்டு. சக்கரம் வைத்த பழைய ஐபாட் கிளாசிக்கில் ராக்பாக்ஸ் என்னும் திறமூல மென்பொருளை ஏற்றினால், ஆப்பிளின் மென்பொருளையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கோப்புகளைப் பென்டிரைவில் போடுவதுபோல் இழுத்துப் போடலாம். ஃப்ளாக் பாடும், நீண்ட பதிவுகளுக்கு இடக்குறி வைக்கும், கதையின் வேகத்தைக் குரல் மாறாமல் குறைக்கவும் செய்யும். வில்லுப்பாட்டு வரிகளை எழுதியெடுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் அறியேன். குறை என்னவென்றால், கிளாசிக் விற்பனை 2014-லேயே நின்றுவிட்டதால் பழையதாகத்தான் வாங்க வேண்டும். உள்ளே சுழலும் வன்தட்டும் அதே வயதுடையது.

ஆகவே நான் நான்காம் தலைமுறைக் கருவியை ஜெயில்பிரேக் செய்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, கடவுச்சொற்களை மாற்றி, வைஃபையை அணைத்து, பாட்டுப்பெட்டியாக மட்டும் வைத்திருக்கிறேன். ஏழாம் தலைமுறைக் கருவியில் கை வைக்கவில்லை. அதில் பிள்ளைகளின் படங்களும் மின்னஞ்சலும் இருக்கின்றன, பாட்டுக்கு விஎல்சி போதுமாக இருக்கிறது. அப்பாவின் கேசட்டுகளிலிருந்து எடுத்த கோப்புகள் இரண்டு வன்தட்டுகளில் தனியே உள்ளன. அவற்றுள் ஒன்று சித்தி வீட்டில் இருக்கிறது.