மசினகுடி ஜீப் ‘சஃபாரி’: தனியாக வண்டி ஓட்டி வருகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

முதுமலைக் காட்டை ஒட்டிய நீலகிரிக் கிராமமான மசினகுடியின் கடைவீதியில் வெளியூர் நம்பர் கார் ஒன்று நின்று, ஒருவர் தனியாக இறங்கினால் போதும். டீ கைக்கு வருவதற்குள் பக்கத்தில் ஆள் வந்து நின்றுவிடுவார். “சார், தனியாவா வந்திருக்கீங்க? தெப்பக்காட்டுல கவர்மென்ட் சஃபாரி டிக்கெட் முடிஞ்சு போச்சு சார். நம்ம ஜீப்ல வாங்க, யானை கண்டிப்பா காட்டுறேன். புலி மட்டும் உங்க யோகம்.” பேச்சில் குறையே இருக்காது. முழு ஜீப்புக்கும் வாடகை பேசுவார்கள். கூட ஆள் இல்லாததால் ஆறு பேர் பிரித்துக்கொள்ள வேண்டிய தொகையை ஒரே ஆள் கட்டுவார். மாயாறு ரோட்டில் கொஞ்ச தூரம், சிங்காரா ரோட்டில் கொஞ்ச தூரம், நடுவில் ஒரு கோயில், ஒரு ‘வியூ பாயிண்ட்’. ஒன்றரை மணி நேரத்தில் ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுவார்கள். நாலு புள்ளிமான், இரண்டு மயில் பார்த்திருப்பார். ஊர்க்காரர்கள் தினமும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் ரோடு அது. அதே மானை அவரவர் காரிலிருந்தே பார்த்திருக்கலாம்.

இதில் ஏமாற்று வேலை எங்கே என்றால், ‘சஃபாரி’ என்ற சொல்லில். முதுமலை புலிகள் காப்பகத்தின் உள்பாதைகளில் தனியார் ஜீப் நுழையவே முடியாது. காட்டுக்குள் போகும் சவாரி வனத்துறை நடத்துவது மட்டும்தான். அது கிளம்பும் இடம் தெப்பக்காடு வரவேற்பு மையம். மசினகுடியிலோ பொக்காபுரத்திலோ வாழைத்தோட்டத்திலோ யார் ‘காட்டுக்குள்ள கூட்டிப்போறேன்’ என்றாலும் இரண்டில் ஒன்று நடக்கும். பொது ரோட்டில் சுற்றிக் காட்டிவிட்டுக் காசு வாங்குவார். அல்லது அனுமதியில்லாத காட்டுக்குள் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார். இரண்டாவது நடந்தால் சிக்கல் டிரைவரோடு முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் உள்ளே போன எல்லோர் மேலும் வழக்கு வரலாம்.

தனியாக வருகிறவருக்கு உண்மையிலேயே லாபம் வனத்துறை வேன்தான். அங்கே சீட்டுக் கணக்கில் டிக்கெட். ஒருவர் என்றால் ஒரு சீட்டுக்குக் கொடுத்தால் போதும். மசினகுடியிலிருந்து தெப்பக்காடு எட்டு கிலோமீட்டருக்கும் குறைவு. ‘டிக்கெட் இல்லை’ என்ற பேச்சைக் கடைவீதியில் கேட்டு நம்பாமல், நேரே கவுன்டருக்குப் போய்க் கேளுங்கள். காலைச் சவாரிக்கு விடியும்போதே அங்கே நிற்க வேண்டும். காலையில் கிடைக்காவிட்டால் மதியச் சவாரி இருக்கிறது. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை தவிர்த்து, இரண்டு இரவு தங்குவதாகத் திட்டமிட்டால் ஏதாவது ஒரு வேளை பெரும்பாலும் கிடைத்துவிடும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஊட்டியிலிருந்து இறங்கி ஏற நினைப்பவர்தான் ஜீப்காரரிடம் மாட்டுகிறார். கடும் கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் சவாரியையே நிறுத்திவைப்பதுண்டு. அந்த நாட்களில் ‘கவர்மென்ட் வண்டிதான் ஓடல, நாங்க ஓட்டுறோம்’ என்று சொல்பவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள். வனத்துறையே உள்ளே போகாத நேரத்தில் அவர் எங்கே போவார்?

நைட் சஃபாரி என்று ஒன்று முதுமலையில் கிடையாது. விற்பவர் யாராக இருந்தாலும் சட்டவிரோதம்தான். ஸ்பாட்லைட் அடித்தால் மான் கண் கூசி அசையாமல் நிற்கும்; குட்டியோடு இருக்கும் யானை நிற்காது, நேரே வண்டியைப் பார்த்து வரும். அந்த மண் பாதையில் ஜீப்பைத் திருப்ப இடமும் இருக்காது.

இன்னொன்றையும் ஏறுவதற்கு முன் பாருங்கள்: நம்பர் பிளேட்டின் நிறம். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஓட்டப் பதிவான வண்டி. வெள்ளை பிளேட் என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. விபத்து நடந்தால், வாடகைக்கு ஓட்டியது என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடலாம். பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கும் திறந்த ஜீப்புகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தங்கும் இடத்திலும் இதே கதைதான். மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம். அந்த வழித்தடத்தை உறுதிசெய்து 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே 2018-இல் அங்கே இருந்த பல ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. இருந்தும் ‘காட்டுக்கு நடுவில் வீடு’ என்று படம் போட்டு முன்பணம் வாங்கும் விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வந்து பார்த்தால் பூட்டிய கேட் இருக்கும், இல்லையென்றால் வேறொரு லாட்ஜ். முன்பணம் அனுப்புவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: உரிமம் யார் பெயரில், எந்த ஊராட்சியில், ரசீதில் அதே பெயர் வருமா. தனிநபர் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்லி, ரசீது கேட்டதும் குரல் மாறினால் வேண்டாம். இது காசோடு முடிகிற விஷயமும் இல்லை. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு ரிசார்ட் பக்கம் வந்த ஆண் யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். காது வெந்து அந்த யானை செத்தது. யானை நடக்கும் வழியில் அறை போட்டுக் காசு பார்ப்பதன் விலை அது.

இனி ரோடு. ஊட்டியிலிருந்து தலைகுந்தா, கல்லட்டி வழியாக மசினகுடி முப்பது கிலோமீட்டர்தான் என்று மேப் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு. 2,240 மீட்டர் உயர ஊட்டியிலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு அந்தக் குறுகிய தூரத்தில் இறங்குகிறது. விபத்துகளுக்குப் பிறகு நீலகிரிப் பதிவு, அதாவது டிஎன் 43, இல்லாத வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. ‘லோக்கல் டிரைவர் போட்டா விட்டுடுவாங்க’, ‘செக்போஸ்ட்ல நான் பேசிக்கிறேன்’ என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும்: ஊட்டி–கூடலூர் ஐம்பது, அங்கிருந்து தொரப்பள்ளி வழியாகத் தெப்பக்காடு சுமார் பதினெட்டு. அதையும் தாண்டிக் கர்நாடகத்தின் பந்திப்பூர் போகிறவர்களுக்கு: இரவு 9 மணி முதல் காலை 6 வரை அந்தக் காட்டுச் சாலை மூடியிருக்கும்.

கூடலூர் இறக்கமும் சாதாரணமல்ல. சமவெளியில் ஓட்டிப் பழகியவர் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குவார். அடிவாரம் வரும்போது முன் சக்கரத்திலிருந்து எரிந்த வாடை, சில சமயம் லேசான புகை. அங்கேதான் அடுத்த வலை. நிறுத்திய இடத்திலேயே ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “பிரேக் பேடு கருகிடுச்சு, டிஸ்க் வளைஞ்சிடுச்சு, இப்படியே போனா உயிருக்கு ஆபத்து சார்” என்பார். உயிர் என்ற சொல்லைக் கேட்டதும் தனியாக இருப்பவர் பர்ஸைத் திறந்துவிடுகிறார். முதலில் வண்டியை அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால்தான் வளையும். ஆறிய பிறகு சக்கரக் கம்பிகளுக்கு இடையே டார்ச் அடித்து, டிஸ்க்கை ஒட்டியிருக்கும் பேடின் தடிமனைப் பாருங்கள். புதுப் பேடு ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் இருக்கும். மூன்றுக்கு மேல் மிச்சம் இருந்து, பெடல் கெட்டியாக நின்று, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடாமல் இருந்தால், வாடைக்காக மட்டும் பேடு மாற்ற வேண்டியதில்லை.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால்தான் கவலைப்பட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்து ஆவியானால் பெடலில் அழுத்தம் நிற்காது. ஆறியதும் சரியானது போலத் தெரிந்தாலும் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். மாற்றினால் சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பேடு மாற்றினால் பழையதைக் கையில் வாங்குங்கள். இதெல்லாம் வராமலிருக்க, எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. கிளம்பும் முன் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ ஆயிலைச் சோதித்துவிட்டால் இன்னும் நிம்மதி.

வெளியூர் வண்டி நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் 2024 மே 7 முதல் கட்டாயம். அது இலவசம். தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் தளத்தில் கைபேசி எண், வண்டி எண், வரும் நாள், போகும் நாள், தங்கும் இடம் கொடுத்தால் கியூஆர் கோடு வரும். கட்டணம் கேட்கும் தளமோ, மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலை ஏறும் கல்லாறு பக்கம் ‘நாங்க எடுத்துத் தர்றோம்’ என்கிற ஆளோ தேவையே இல்லை.

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று பழைய ஊர்களில் நிதானமாகச் சுற்றும்போது ஏமாற்று சின்னச் சின்னதாக வரும். கண்ணேரிமுக்கில் ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவனின் பங்களா, ஊட்டியில் அவர் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் எல்லாம் பார்த்து முடித்து வாங்கப் போகும் முதல் பொருள் நீலகிரித் தைலம். சுத்தமான தைலம் ஒரு சொட்டு வெள்ளைத் தாளில் விட்டால், கொஞ்ச நேரத்தில் ஆவியாகி, தாள் பழையபடி ஆகிவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது எண்ணெய்க் கறையாகக் கண்ணாடி போலத் தெரிந்தால் பாரஃபின் கலந்திருக்கிறது. அடுத்தது ‘தோடர் சால்வை’. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் எம்பிராய்டரி, கெட்டி வெள்ளைப் பருத்தித் துணியில் இழை எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் கையால் போடுவது. துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் முன்பக்கம் போலவே அழகாக இருக்கும். பின்னால் மெஷின் நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடினாலோ, சாயம் அச்சாக இருந்தாலோ அது தோடர் கைவேலை இல்லை. அந்தப் பெண்களுக்குப் போக வேண்டிய கூலி வேறு யாருக்கோ போகிறது என்பதுதான் இதில் பெரிய வருத்தம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்: ஆன்லைனில் முன்பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்; முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். கடை, விடுதி, மெக்கானிக் விவகாரத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. ஜீப் என்றால் வண்டி எண், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், கூட்டிப்போன இடம் மூன்றையும் எழுதித் தெப்பக்காடு வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். மசினகுடி காவல் நிலையத்திலும் ஒரு நகல் கொடுத்து, அதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.