கேம்பர் வேனைப் புதுச்சேரிக்குக் கொண்டுவர: நிரந்தர இறக்குமதியா, கார்னே ஏடா?

பிரான்சில் வாழும் என் தாய்மாமன் மகன், தன் சரக்கு வேனில் கட்டிலும் அடுப்பும் பொருத்தி ஒரு சிறு வீடாகவே மாற்றியிருக்கிறார். அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுவர விரும்பியபோது, இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

முதலாவது நிரந்தர இறக்குமதி. பழைய வாகனமெனில் அது உற்பத்தியாகி 3 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். பிரான்சு வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம் என்பதால், வரிக்கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கதவு அடைபட்டது.

மற்றொன்று, அயல்நாட்டு வாகனச் சங்கங்கள் பிணைத்தொகை பெற்றுக்கொண்டு வழங்கும் கார்னே ஏடு. அதைக் காட்டிச் சுங்க வரியின்றி வண்டியை உள்ளே கொண்டுவரலாம். ஆனால் 6 மாதத்திற்குள் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், இங்கே விற்கக் கூடாது. இடப்பக்க ஸ்டீயரிங் இதற்குத் தடையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவின்படி சைகை விளக்குகள் சரியாக இயங்கினால் போதும். ஏட்டின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டுகளாக இருக்கும்: நுழையும்போது ஒன்றையும் வெளியேறும்போது மற்றொன்றையும் சுங்க அதிகாரி கிழித்துக்கொள்வார், எஞ்சும் அடிக்கட்டையில் இரு முத்திரைகளும் விழ வேண்டும். வெளியேறும் முத்திரை விடுபட்டால், வண்டி இங்கேயே தங்கிவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள், பிணைத்தொகைக்கும் ஆபத்து.

மாற்றியமைத்த வண்டிக்கு இன்னொரு கவனமும் தேவை. சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றோடு, பொருத்திய குளிர்பெட்டி, அடுப்பு, உதிரி டயர் வரை ஏட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆண்டுக்கொருமுறை மாசிமகத்துக்கு வந்து திரும்புகிறவருக்குக் கார்னேதான் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். இங்கேயே குடியேறுவதானால், வேனை அங்கேயே விற்றுவிட்டு, உள்ளூரில் ஒரு வேனை வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.