அறிவியல்நகரா, ஊர்ப் பயிற்சி நிலையமா, கராஜில் பயிலுநரா?

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் புதுக்குடியிருப்பிலும் மாங்குளத்திலும் பல வீடுகளில் எழும் கேள்வி: உயர்தரம் வேண்டாமென்றால் பிள்ளையை எங்கே தொழில் படிக்க விடுவது? சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுமா என்பதைத்தான் பெற்றோர் முதலில் விசாரிக்கிறார்கள். என்.வீ.கியூ. என்னும் தேசிய தொழிற்தகைமை எந்த வழியில் வந்தாலும் ஒன்றுதான். 4ஆம் மட்டம் தேர்ந்த தொழிலாளிக்கு உரியது; 5, 6 டிப்ளோமா. ஆகவே அதை வைத்து இடங்களைத் தரம் பிரிக்க முடியாது. பட்டறையின் பாதுகாப்பை வைத்துப் பிரிக்கலாம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தின் பலம், பயிற்சிக்கென்றே கட்டிய பட்டறைகள். பிறகு விடுதி. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வந்து ஏ9 வீதியில் தெற்கே திரும்ப வேண்டிய பிள்ளைக்கு விடுதி இல்லாமல் முழுநேரப் படிப்பு நடவாத காரியம். கூலிக்குப் போய் வீட்டைத் தாங்கும் பையனுக்கு விடுதியும் விடை அல்ல. அவன் இழப்பது நாட்கூலி.

தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் வீட்டுக்குக் கிட்ட. பெண் பிள்ளைகளைத் தூரத்துக்கு விடத் தயங்கும் குடும்பங்களுக்கு இதுவே முதல் தெரிவு. ஆனால் நிலையத்துக்கு நிலையம் தரம் மாறும். சேரும் முன் பட்டறைக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். உடனே விழ வேண்டும். நில இணைப்பை (எர்த்) எந்த மாதத்தில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள். கார்த்திகை மழையில் ஊறிய மண்ணில் நல்ல அளவு காட்டும் அதே எர்த் கம்பி, ஆவணியில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது மோசமாகக் காட்டும். காய்ந்த மண்ணின் மின்தடை அதிகம். வன்னியில் அளக்க வேண்டியது கோடையில்தான்.

மூன்றாவது, பயிலுநர் பயிற்சி. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை மூலம் கராஜிலோ கட்டட வேலையிலோ சேர்ந்து கற்பது. வேலை உண்மையான வேலை, வாடிக்கையாளரின் ஏச்சும் உண்மையானது. அந்தப் பழக்கத்தை எந்த வகுப்பறையும் தராது. பாதுகாப்பு மட்டும் முதலாளியின் குணத்தைப் பொறுத்தது. 4 அங்குலக் கிரைண்டரின் காவலை, அதாவது தட்டை மறைக்கும் மூடியை, கழற்றிவிட்டு 7 அங்குலத் தட்டைப் பூட்டி இரும்பு வெட்டுவதை வீதியோரப் பட்டறைகளில் யாரும் பார்க்கலாம். சின்னக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். பெரிய தட்டுக்கு அனுமதித்த வேகம் சுமார் 8,500. தட்டு வெடித்தால் சில்லுகள் முகத்துக்கே வரும். 'நான் இருபது வருசமாக இப்படித்தான் வெட்டுகிறேன்' என்று சொல்லும் முதலாளியிடம் பிள்ளையை விடாதீர்கள். வெல்டிங்கும் அப்படியே. ஒரு பொட்டு பற்றவைக்கத்தானே என்று வெறுங்கண்ணால் பார்ப்பவனுக்கு வலி அப்போது தெரியாது. இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எரியும்.

பயிலுநர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பயிலுநரையும் உள்ளடக்குகிறது. ஆனால் கடதாசி இல்லாத பையன் விபத்துக்குப் பிறகு 'சும்மா வந்து நின்றவன்' ஆகிவிடுவான். 18 வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. சாதாரண தரம் முடித்த கையோடு கராஜுக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை.

என் தீர்ப்பு தொழிலைப் பொறுத்தது. மின் வேலைக்கும் வெல்டிங்குக்கும் ஆரம்ப மாதங்கள் பயிற்சி நிலையத்தில்தான் கழிய வேண்டும். இடம் கிடைத்தால் அறிவியல்நகர், இல்லையேல் ஊர் நிலையம். 230 வோல்ட், கற்றுக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு தருமென்று நம்ப முடியாது. மேசன் வேலை, தச்சு, வாகனத் திருத்தம் ஆகியவற்றுக்கு, உரிய வயதும் ஒழுங்கான முதலாளியும் வாய்த்தால், பயிலுநர் வழியையே முன்னுக்கு வைப்பேன். கடதாசி எதுவுமில்லாமல் பல வருடம் வேலை செய்து தேறியவர்கள் மறுபடி வகுப்பில் குந்தத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்த வேலைகளின் ஆதாரங்களைக் காட்டிச் செய்முறை மதிப்பீட்டில் தேறினால் என்.வீ.கியூ. கிடைக்கும். அந்த மதிப்பீட்டில் பாதுகாப்புப் பழக்கமும் பார்க்கப்படும்; கழற்றிய காவலை அதற்கு முன்பே பூட்டிப் பழகிவிடுவது நல்லது.