‘ஈயமே இல்லை’ என்று கொடுத்த சான்றிதழ்: நியூஜெர்சி வீட்டு உரிமையாளர்கள் கவனிக்க

நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் வீடு 1930களில் கட்டியது. 1978க்கு முன் கட்டிய வாடகை வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈயப் பெயிண்ட் பரிசோதனை கட்டாயம் என்று நியூஜெர்சியில் 2022 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தெரிந்தவர் சொல்லி, தமிழ் பேசும் ஒருவரைக் கூப்பிட்டேன்.

“லெட்-சேஃப் சான்றிதழ் ரெண்டு வருஷம்தான் சார் செல்லும். லெட்-ஃப்ரீ வாங்கிட்டா அப்புறம் பரிசோதனையே வேண்டாம்” என்றார். லெட்-சேஃப் என்றால் ஈயப் பெயிண்ட் இருந்தாலும் இப்போதைக்கு ஆபத்தில்லை என்று பொருள்; லெட்-ஃப்ரீ என்றால் ஈயப் பெயிண்டே இல்லை. அவர் சொன்னது உண்மைதான், அதனால்தான் நம்பினேன். 650 டாலர் கொடுத்தேன். பத்து நிமிடம் அறை அறையாக நடந்தார், போனில் படம் எடுத்தார். சாயந்திரமே சான்றிதழ் வந்துவிட்டது. மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

முனிசிபல் அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை. “எக்ஸ்ஆர்எஃப் அளவுகள் எங்கே?” என்று கேட்டார்கள். ஈயம் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ஆர்எஃப் என்பது பெயிண்டில் உள்ள ஈயத்தை எக்ஸ் கதிர் கொண்டு அளக்கும் கருவி. அதைச் சுவர், கதவு, ஜன்னல் சட்டம், படிக்கட்டுக் கைப்பிடி என்று பெயிண்ட் அடித்த ஒவ்வொரு பரப்பிலும் வைத்து எண்ணைக் குறிக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் வந்தாலே அது ஈயப் பெயிண்ட். அது போக, மாநில அரசின் அங்கீகாரப் பட்டியலில் அவருடைய நிறுவனமே இல்லை!

பட்டியலைப் பார்த்து வேறொருவரை அழைத்தேன். ரத்தத்தில் ஈயம் கூடுதலாக உள்ள குழந்தைகள் அதிகமிருக்கும் ஊர்களில் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது, தூசியையும் துடைத்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஊரும் அதில் சேர்த்தி. மாடிப் படுக்கையறை ஜன்னல் திட்டுத் தூசியில் ஈயம் வரம்புக்கு மேல் இருந்தது. ஜன்னலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் பழைய பெயிண்ட் உரசி, பள்ளத்தில் வெள்ளை மாவாகக் கிடந்தது. அந்தப் பெண்ணின் ஒன்றரை வயதுக் குழந்தை அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டுதான் குப்பை லாரியை வேடிக்கை பார்க்கும்.

அன்றே அவரிடம் உள்ளதைச் சொன்னேன். குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம், நல்லவேளை அளவு குறைவு. ஜன்னல்களை மாற்றினேன்.

அந்த ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. எங்கள் பகுதியில் இன்னும் வீடு வீடாகப் போகிறார் என்று கேள்வி. பரிசோதகரை நாமே அமர்த்திக்கொள்ளலாம், முனிசிபாலிட்டியிடமும் விடலாம். நாமே அமர்த்தினால், பணம் கொடுக்கும் முன் நிறுவனத்தின் பெயரை மாநிலப் பட்டியலில் தேடுங்கள். லெட்-ஃப்ரீ தருகிறேன் என்பவர் கருவி இல்லாமல் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.