பழைய பிரேமில் புது லென்ஸா, முழுப் புதுக் கண்ணாடியா?

கடந்த மாதம் கண் பரிசோதனையில் வலது கண்ணின் பவர் மைனஸ் 2.25-இலிருந்து 2.75 ஆகக் கூடியிருப்பது தெரிந்தபோது, ஆறு ஆண்டுகளாக அணிந்துவரும் உலோக பிரேமிலேயே லென்ஸை மட்டும் மாற்றுவதா, பிரேமோடு சேர்த்துப் புதிதாக வாங்குவதா என்ற கேள்வி எழுந்தது. நான் லென்ஸை மட்டும் மாற்றிக்கொண்டேன். பிரேம் உறுதியாக இருந்தால் மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு லென்ஸுக்கு 2,200 ரூபாய் ஆயிற்று. அதே லென்ஸைச் சுமாரான புது பிரேமில் போட்டிருந்தால் 3,700 ஆகியிருக்கும். மூக்கிலும் காதிலும் பழகிப்போன பிரேம் என்பது கூடுதல் நிம்மதி. புதிது வாங்குவதில் ஒரு வசதி உண்டு: பழைய பிரேமைக் கடையில் விட்டுவிட்டு ஓரிரு நாள் கண்ணாடியின்றித் தடுமாற வேண்டாம், பழையதும் அவசரத்துக்குக் கையில் இருக்கும்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பணமல்ல, புது லென்ஸைப் பொருத்தும்போது அந்த பிரேம் தாங்குமா என்பதே. முழு விளிம்புள்ள உலோக பிரேமில், கீலுக்கு அருகே விளிம்பை இணைக்கும் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் விளிம்பு விரியும்; லென்ஸைப் பள்ளத்தில் அமர்த்தி மறுபடி இறுக்கிவிடலாம். பெரிய அழுத்தம் எதுவும் பிரேமின் மேல் விழாது. பிளாஸ்டிக் பிரேமில் அந்தத் திருகு கிடையாது. சூடான காற்றில் காட்டி, விளிம்பு இளகியதும் லென்ஸை அழுத்தித்தான் உள்ளே தள்ளுகிறார்கள். வியர்வையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் இருந்த அசிடேட் (ஒருவகை பிளாஸ்டிக்) பிரேம், வெளுத்து, நெகிழ்வை இழந்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன், என்னிடம் இருந்த இன்னொரு கண்ணாடியின் பிளாஸ்டிக் பிரேம் அப்படித்தான் மூக்குப் பாலத்தில் விரிசல் விட்டது. "பழைய பிரேம் சார், உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் அதை ஒரு சம்பிரதாயப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். பிரேமோடு லென்ஸின் பணமும் போயிற்று. வெட்டிய லென்ஸைத் தேய்த்துச் சிறிதாக்கலாமே தவிரப் பெரிதாக்க முடியாது. அந்த மாடல் பிரேமும் அப்போது கடைகளில் கிடைக்கவில்லை.

ஆகவே, இம்முறை கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பிரேமைச் சோதித்தேன். காதில் மாட்டும் அதன் கைகளை விரித்து மேசைமேல் கவிழ்த்து வைத்தபோது இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் படிந்தன. கீல்களில் ஆட்டமில்லை. இடப்பக்கத் திருகின் தலையில் மட்டும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கடைக்காரர் அதில் ஒரு துளி எண்ணெய் விட்டு, சிறிது நேரம் பொறுத்து, மெல்லத் திருப்பிப் பார்த்து, கழன்று வந்த பிறகுதான் லென்ஸுக்கு ஆர்டர் எழுதினார். திருகு அசையாமல் இறுகியிருந்தால் நானே புதுக் கண்ணாடிக்கு மாறியிருப்பேன்.

தூரப் பார்வைக்கும் வாசிப்புக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் பிராக்ரஸிவ் லென்ஸுக்கு மாறுபவர்கள் பிரேமின் உயரத்தையும் பார்க்க வேண்டும். குறுகலான பிரேமில் கீழே வாசிப்பதற்கான பகுதி வெட்டுப்பட்டுப் போகும். எந்த லென்ஸானாலும், பழையதன் மையத்தை அப்படியே பின்பற்றாமல், பிரேமை முகத்தில் அணிந்திருக்கும்போதே கருவிழி மையத்தைப் புதிதாகக் குறிக்கச் சொல்வது நல்லது. என் தம்பியின் அரைவிளிம்பு பிரேமில் நைலான் நூலை மாற்றிப் புது லென்ஸைச் சிரமமின்றிப் பொருத்தியதைப் பார்த்திருக்கிறேன். லென்ஸிலேயே துளையிட்டு மாட்டும் விளிம்பில்லா பிரேமை நான் அணிந்ததில்லை என்பதால், அதற்கு இந்தப் பரிந்துரையை நீட்ட மாட்டேன்.

கழற்றிய பழைய லென்ஸ்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பவர் ஒத்துக்கொள்ளாமல் லென்ஸைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அது சரியாகி வரும்வரை அவற்றையே அதே பிரேமில் மாட்டிச் சமாளிக்கலாம்.