96 கிலோஹெர்ட்ஸ் பாட்டு, 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்பீக்கர்: யார் குறைப்பது, எங்கே குறைப்பது?

ஹாலில் இருக்கும் ஸ்ட்ரீமர் (நெட்வொர்க் வழியாகப் பாட்டை வாங்கி ஓட்டும் பெட்டி) 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் வரை, அதாவது நொடிக்கு 1,92,000 ஒலி அளவீடுகள் வரை, வாங்கிக்கொள்ளும். சமையலறையில் இருக்கும் வயர்லெஸ் ஸ்பீக்கருக்கு 48 தான் எல்லை. படுக்கையறையில் இருப்பது இன்னும் பழையது, 44.1-ஐத் தாண்டாது. தனித்தனியாகக் கேட்கும்வரை தொல்லை இல்லை. மூன்றையும் ஒரே குழுவாக்கி 96 கிலோஹெர்ட்ஸ் ஆல்பம் ஒன்றைப் போட்டதும் வம்பு தொடங்கிவிடும். ஓர் அறையில் பாடும், இன்னொன்றில் சத்தமே வராது, மூன்றாவதில் அந்தப் பாட்டைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும்.

இந்த எல்லைகள் எல்லாம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டவைதான். சோனோஸ் ஸ்பீக்கர்கள் 48 கிலோஹெர்ட்ஸோடு நிற்கின்றன; அவற்றின் எஸ்2 மென்பொருளில் 24 பிட் (ஒவ்வொரு அளவீட்டின் நுணுக்கம்) உண்டு, ஆனால் சாம்பிள் ரேட் ஏறவில்லை. ஆப்பிளின் வயர்லெஸ் முறையான ஏர்பிளேயின் முதல் தலைமுறை 44.1, 16 பிட். 2019-இல் விற்பனை நின்றுபோன குரோம்காஸ்ட் ஆடியோ 96 வரை போகும். புளூஓஎஸ் கருவிகள் 192 வரை. ஸ்குவீஸ்பாக்ஸ் டச் 96, அதற்கு முந்தைய ஸ்குவீஸ்பாக்ஸ்கள் 48.

48-க்குக் குறைத்தால் இசை கெட்டுவிடுமா? 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் 24 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி அடங்கும். மனிதக் காது 20-ஐத் தாண்டாது. ஆகவே குறைப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மோசமாகக் குறைப்பதுதான் கவலை. 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 30 கிலோஹெர்ட்ஸில் ஏதாவது இரைச்சல் இருக்கிறது என்று வையுங்கள். சரியாக வடிகட்டாமல் 48-க்கு இறக்கினால் அது மடங்கி 18 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும். காதுக்கு எட்டாமல் இருந்தது, எட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. இந்த வம்பைத் தீர்க்க நான்கு வழிகள் உண்டு. அவற்றை ஒப்பிடும்போது இதைத்தான் முதலில் பார்க்கிறேன்: மாற்றும் வேலையை யார் செய்கிறார்கள், எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார்கள்?

முதல் வழி, எல்லாக் கோப்புகளையும் முன்கூட்டியே மாற்றி இரண்டாவது நூலகம் ஒன்றை வைத்துக்கொள்வது. சாக்ஸ் அல்லது எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் மென்பொருள் போதும். அவசரமில்லாத வேலை என்பதால் ஆக உயர்ந்த தரத்திலேயே மாற்றலாம். 96-ம் 192-ம் 48-க்கு, 88.2-ம் 176.4-ம் 44.1-க்கு என்று அந்தந்தக் குடும்பத்துக்குள்ளேயே இறக்கிவிடுவது சுத்தம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இன்றைய பதிவுகள் பலவும் உச்ச அளவைத் தொட்டே மாஸ்டர் செய்யப்படுகின்றன. ரீசாம்பிள் செய்யும்போது (சாம்பிள் ரேட்டை மாற்றும்போது) அலையின் முகடு சற்று மேலே எழும்பி வெட்டுப்படும். சாக்ஸில் அதற்கென்றே காப்பு ஸ்விட்ச் உண்டு, அதைப் போட்டே ஓட்டுங்கள். 24 பிட்டை 24 ஆகவே விட்டுவிடலாம். 16-க்கு இறக்குவதானால் டிதர் (பிட் குறைவதால் வரும் பிழையை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்க்காமல் இறக்காதீர்கள்.

இந்த வழியின் தொல்லை பராமரிப்பு. கோப்பிலுள்ள பெயர்க்குறிப்பு (டேக்) ஒன்றைத் திருத்தினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். புதிதாக வாங்கிய ஆல்பம் ஒரு நூலகத்தில் இருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டையும் ஒரே மென்பொருளுக்குக் காட்டிவிட்டால் ஒவ்வொரு ஆல்பமும் இருமுறை தெரியும். ஆனாலும் சோனோஸ்போல, பகிர்ந்த ஃபோல்டரை ஸ்பீக்கரே நேரடியாகப் படிக்கும் அமைப்பில் இதுதான் நேர்வழி. இரண்டாவது ஃபோல்டரை மட்டும் அதற்குக் காட்டுங்கள். மூலக்கோப்புகள் அதன் கண்ணிலேயே படக்கூடாது.

இரண்டாவது வழி, பாட்டு ஓடும்போதே சர்வர் (பாட்டுகளை அறைகளுக்கு அனுப்பும் கணினி) மாற்றித் தருவது. பாட்டுகள் சொந்தக் கோப்புகளாக இருக்கும் வீடுகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். மூலக்கோப்பு தொடப்படாமல் இருக்கிறது, பிரதி எதுவும் தேவையில்லை, ஸ்டீரியோவைக் கீழிறக்குவதெல்லாம் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினிக்குக்கூடப் பெரிய சுமையில்லை.

இந்த வகையில் எடுத்துக்காட்டாக இரண்டு சர்வர் மென்பொருள்கள்: லிரியான், ரூன். லாஜிடெக் மீடியா சர்வர் என்று முன்பு அழைக்கப்பட்ட லிரியான், குழுவில் யாருடைய எல்லை ஆகக் குறைவோ அதற்கு ஏற்ப எல்லோருக்கும் இறக்குகிறது. ஹாலும் சமையலறையும் மட்டும் உள்ள குழுவில் எல்லை 48; அங்கே 96 கிலோஹெர்ட்ஸ் பாட்டு 48 ஆகும், 88.2 பாட்டு 44.1 ஆகும், குடும்பம் மாறாது. சமையலறையைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டால் ஹாலுக்குப் பழையபடி முழு ரேட் கிடைத்துவிடும். ரூன் வேறு மாதிரி. அதன் சொந்த நெறிமுறையில் இயங்கும் அறைகளுக்கு, குழுவாக இருந்தாலும் ஒவ்வொன்றின் வலுவுக்குத் தக்கபடி தனித்தனியாக மாற்றித் தருகிறது. ஆனால் ஏர்பிளே அறையை அந்தக் குழுவில் சேர்க்க முடியாது. எல்லா அறைகளும் ஒரே வகைக் கருவியாக இருந்தால் ரூன் நேர்த்தி. கலவையான வீட்டுக்கு, பிளக்-இன் வழியாகப் பல வகைக் கருவிகளை இழுத்துப் போட்டுக்கொள்ளும் லிரியான்தான் வளைந்து கொடுக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கருவி தன் எல்லை என்று எதைச் சொல்கிறதோ அதை சர்வர் அப்படியே நம்பும். ஸ்குவீஸ்லைட் (லிரியான் அனுப்புவதை அறையில் ஓட்டும் மென்பொருள்) ஓடும் பெட்டி 192 என்று சொல்லும். ஆனால் அதிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போவது ஆப்டிகல் கேபிள், பல கருவிகளில் அது 96-க்கு மேல் நிலையாக நிற்பதில்லை. சர்வர் மகிழ்ச்சியோடு 192 அனுப்பும், ஸ்பீக்கரில் கரகரப்பு வரும் அல்லது ஒன்றுமே வராது. அப்போது ஸ்குவீஸ்லைட்டின் அமைப்பில் உச்ச ரேட்டை நீங்களே கையால் 96 என்று எழுதிவிட வேண்டும். எந்த அறையிலும் எல்லையைத் தீர்மானிப்பது அந்தச் சங்கிலியின் ஆக வலுவற்ற கண்ணி, ஸ்ட்ரீமரின் பெட்டியில் அச்சிட்ட எண் அல்ல.

மூன்றாவது வழி ஸ்னாப்காஸ்ட் போன்ற பல-அறை மென்பொருள்கள் எடுப்பது: எல்லாமே ஒரே நிலையான ரேட்டில். எதுவும் சொல்லாவிட்டால் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். பாட்டு, டிவி, ரெக்கார்ட் பிளேயர், அழைப்பு மணி என எது வந்தாலும் அதே ரேட். பாட்டுக்குப் பாட்டு ரேட் மாறும்போது டிஏசி (டிஜிட்டலை ஒலி அலையாக மாற்றும் பகுதி) போடும் கிளிக் சத்தமோ இடைவெளியோ கிடையாது. விலை என்னவென்றால், சிடியிலிருந்து எடுத்த 44.1 கோப்புகள் அத்தனையும் 147 சாம்பிளுக்கு 160 என்ற விகிதத்தில் மேலே ஏற்றப்படும். நல்ல ரீசாம்ப்ளருக்கு இது கடினமான கணக்கல்ல. ஆனால் அந்த வேலையை லினக்ஸின் ஒலி அடுக்கான ஆல்சாவின் கையில் விட்டுவிடாதீர்கள். அதனோடு இயல்பாக வரும் மாற்றி வெறும் நேர்கோட்டு முறை. ஸ்னாப்காஸ்டுக்குப் பாட்டை ஓட்டித் தரும் எம்பிடி என்ற மென்பொருளில் சாக்ஸார் ரீசாம்ப்ளரைத் தேர்ந்து, அங்கேயே 48-க்கு மாற்றி அனுப்புங்கள். நூலகம் பெரும்பாலும் சிடி என்றால் முழு அமைப்பையும் 44.1-க்கு வைப்பதே நல்லது. ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக் வேண்டுமென்றால் மட்டும் 48-ஐ விட்டால் வழியில்லை.

“ஒரு பிட்கூட மாறக்கூடாது” என்பவர்கள் மூன்றாவது வழியைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து கேட்கும்போது அந்தக் கோரிக்கை நியாயம்தான். குழுவாக ஓடும்போது நிலைமை வேறு. ஒவ்வொரு அறையின் கருவிக்கும் தனிப் படிகக் கடிகாரம். இரண்டு கடிகாரங்கள் பத்து லட்சத்தில் 50 பங்கு விலகினாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி வித்தியாசம் வந்துவிடும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நின்றால் தெளிவாக எதிரொலி கேட்கும். அதைத் தவிர்க்க ஸ்னாப்காஸ்ட் அவ்வப்போது ஒரு சாம்பிளை விடுகிறது அல்லது சேர்க்கிறது. மற்ற அமைப்புகளும் ஏதோ ஒரு வகையில் கடிகாரத்தைச் சரிக்கட்டியே ஆக வேண்டும். அறைகள் ஒன்றாகப் பாட வேண்டும் என்று கேட்டபோதே இந்தத் திருத்தத்துக்கும் சம்மதித்துவிட்டோம்.

நான்காவது வழி, எல்லா அறைக்கும் 192 வாங்கும் கருவி. இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. சுருக்காத 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு நொடிக்கு 9.2 மெகாபிட். ஐந்து அறை என்றால் 46, அதுவும் ஒரே வைஃபை காற்றில், தடங்கலே இல்லாமல். அதே பஃபரில் (முன்கூட்டியே சேமித்துவைக்கும் இடம்) 48-ஐ வைத்தால் நான்கு மடங்கு நேரம் தாங்கும். காது கேட்காத அலைவரிசைக்காகப் பாட்டு விட்டுவிட்டு வருவதை நான் ஏற்கமாட்டேன்.

எந்த வழியை எடுத்தாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒன்றில், 25-இலிருந்து 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒற்றை ஒலியை உருவாக்குங்கள். அளவு மிகக் குறைவாக இருக்கட்டும், ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) பாவம். அதை 48 எல்லையுள்ள அறையில் ஓட்டுங்கள். ஒன்றும் கேட்கக்கூடாது. மேலே ஏற வேண்டிய ஒலி கீச்சென்று தொடங்கிக் கீழே இறங்கி வந்தால், வடிகட்டாமல் யாரோ குறைக்கிறார்கள். முதலில் ஸ்பீக்கரின் பக்கம் நடக்கும் மாற்றத்தை நிறுத்தி, சர்வரிலேயே 48-க்கு இறக்கி அனுப்பி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.